திரும்பாமல் நிற்பது

எனக்கு வாய் கொஞ்சம் கூட. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது, நான் துப்பாக்கி சுடப் பழகுவதைக் கேள்விப்பட்ட ஒரு அக்கா, "துவக்குக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தனாங்கள். பிறகேன் உமக்கு இந்த வேலை?" என்று கேட்டார். "தண்ணியில மூழ்கித் தப்பின ஆள் நீந்தப் பழகக் கூடாதோ அக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வாய்க்குப் போன கேக் துண்டு அவருடைய கையிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து என்னைக் கண்டால் அந்த மேசையில், "கவனமாக் கதையுங்கோ, சுட்டுப்போடுவா" என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்புத்தான்.

நான் மன்னார்ப் பக்கம். கலியாணம் கட்டித்தான் ஒஸ்லோவுக்கு வந்தேன். வீடு ஹவுகன்ஸ்டுவாவில், மாடிக் குடியிருப்பு. வேலை ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொதி கட்டுகிற பகுதியில். பக்கத்து மேசையில் பல வருடங்களாக நிற்பவள் ஒரு நோர்வேக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் வாரக்கடைசியில் கைத்துப்பாக்கி சுடுகிற கழகத்துக்குப் போகிறவள் என்று தெரிந்தபோது, "உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன். "வந்து பார்த்துவிட்டுக் கேள்" என்றாள். கேட்ட வாய் சும்மா இருந்திருக்கலாம். போகவேண்டியதாகிவிட்டது.

நிலத்துக்கடியில் ஒரு கொங்கிரீட் மண்டபம். அங்கே போனதும் துப்பாக்கியைக் கையில் தருவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். தரவில்லை. ஒரு கதிரையில் இருத்தி விதிகளைச் சொன்னார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு ஏற்றியது என்றே நினைக்கவேண்டும், வெறுமை என்று யார் சொன்னாலும் சரி. சுடக்கூடாத எதன் பக்கமும் குழல் திரும்பக்கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே, நீட்டியபடி இருக்கவேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருக்கவேண்டும். சொன்னதையே மறுபடி என்னைச் சொல்ல வைத்தார்கள், ஞானோபதேச வகுப்புத்தான்.

நான் வளர்ந்த ஊரில் துவக்கு வைத்திருந்தவன் சட்டம் சொன்னான், மற்றச் சனம் கேட்டது. இங்கே துவக்கைத் தொட்டவனுக்குத்தான் சட்டமெல்லாம். அன்றைக்கு ஒரு பெரிய தாடிக்காரர், என்னைவிட இரண்டு மடங்கு உயரம், துப்பாக்கிக்குக் குண்டு ஏற்றும்போது விரலை உள்ளே விட்டுவிட்டார். "நிறுத்து" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். அந்த மனிதர் துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி, உறையில் போட்டுவிட்டு, அன்றைய நாள் முழுக்க மற்றவர்கள் துளைத்த காகித இலக்குகளின் ஓட்டைகளை மூடத் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. யேசுவே, துவக்கு வைத்திருக்கிறவனை இப்படியும் ஒருவர் நிறுத்தலாமா என்று நினைத்தேன். பிறகு நானும் சுட்டேன். பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பிடித்துவிட்டது.

அந்தப் பக்கத்து மேசைத் தோழி விளையாடுவது ஒரே இடத்தில் நின்று சுடுகிற விளையாட்டு அல்ல. இடுப்பில் உறை. அதில் துப்பாக்கி. மணிப்பொறி 'பீப்' என்றதும் உருவி, தட்டிகளுக்கு நடுவே நடந்து, ஓடி, குனிந்து, காகித இலக்கையும் இரும்புத் தட்டையும் சுடவேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு சரி, இரண்டையும் சேர்த்துத்தான் புள்ளி. உறையிலிருந்து உருவுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது. அதில் தேறாதவரை யாரும் உருவ விடமாட்டார்கள். எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது. ஐம்பதை எட்டிப்பார்க்கிற வயதில், மூட்டு நோவோடு, எனக்கு ஓடிச் சுட ஆசை!

வீட்டில் சொன்னேன். என்ரை மனுசன் தீவுப் பக்கத்துக்காரர். பஸ் திருத்துகிற இடத்தில் வேலை, பஸ் கதவுகளும் பூட்டுகளும் அவருடைய பகுதி. பேச்சுக் குறைவு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை நானே பேசிவிடுவதால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"விளையாட்டெண்டு சொல்லுறீர். சரி, போய் விளையாடும். அந்தச் சாமான் மட்டும் இந்த வாசல் தாண்டி உள்ளுக்கு வரப்படாது."

துவக்கு என்ற சொல்லை அவர் சொல்லவே மாட்டார். சாமான் என்பார்.

அங்கேதான் சிக்கல். வகுப்பு முடியும்வரைதான் கழகத்துத் துப்பாக்கி இரவல் கிடைக்கும். தேறி, போட்டிகளுக்குப் போவதென்றால் பொலிசுக்கு விண்ணப்பித்துச் சொந்தமாக ஒன்று எடுக்கவேண்டும். அதை வீட்டில், இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கவேண்டும். பொலிசார் புருசனிடம் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் வீடு அவருடையதும்தானே. அவர் நித்திரை கொள்கிற வீட்டுக்குள், அவர் வேண்டாம் என்கிற ஒன்றை எப்படிக் கொண்டுவருவது? நான் வாயாடிதான், அட்டூழியக்காரி இல்லை. வகுப்பில் சேர்ந்தேன். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

முதலில் உறை வாங்கவேண்டும். தோழியோடு போன கடையில் எனக்குப் பிடித்தது ஒரு தோலுறை. மண்ணிறம், ஓரத்தில் அழகான தையல், கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தால் சோடி மாதிரி இருக்கும். கூட வந்திருந்த, வகுப்பு நடத்துகிறவர் அதைக் கையில் வாங்கி, உறையின் வாயை விரலால் அமத்திக் காட்டினார். அறுபது தாண்டியவர், தலை முழுக்கப் பஞ்சு நரை, பேச்சில் அவசரமே இல்லை. "தோல் பழக்கத்தில் இளகும். இந்த வாய் உள்ளே மடங்கினால், நீ துப்பாக்கியைத் திரும்பப் போடும்போது மடிப்பு விசையை அமத்தும். பிறகு உன் காலில் ஓட்டை" என்றார். அவர் என்னை 'நீ' என்றுதான் சொல்வார். நோர்வேயில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், ராசாவைத் தவிர. மனதுக்குள் நான் அவரை ஐயா என்றே வைத்திருந்தேன்.

அவர் சொன்னபடி கெட்டிப் பிளாஸ்ரிக்கில் வார்த்த ஒன்று எடுத்தேன். துப்பாக்கி உள்ளே போனால் விசை முழுக்க மூடியிருக்கவேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் விழக்கூடாது. மற்றக் கை உதவிக்கு வராமல் ஒரே கையால் திரும்பப் போட முடியவேண்டும். குழல் காலடியைப் பார்த்திருக்கவேண்டும், பின்னால் நிற்பவரையல்ல. இதெல்லாம் சரியாக இருந்தது. என் இடுப்புத்தான் சரியாக இல்லை. ஆம்பிளைகளுக்கு நேராகத் தொங்குகிற உறை, எனக்கு இடுப்பெலும்பில் ஏறிச் சரிந்து, துப்பாக்கியின் பிடி விலாவில் குத்தியது. ஐயா அதைப் பார்த்தார், மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார், காது சிவந்தது. "சிலருடைய... அமைப்பு... வேறு" என்றார். "பிள்ளை பெத்த இடுப்பு" என்று நான் உதவி செய்தேன். என் தோழி சிரித்து இருமத் தொடங்கிவிட்டாள். கடைசியில் உறையைக் கொஞ்சம் கீழிறக்கி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கிற ஒரு துண்டைப் பூட்டித் தந்தார். அதன் பிறகு அது என் உடம்பிலேயே முளைத்தது மாதிரி இருந்தது.

காற்சட்டை அடுத்த பாடு. அந்தத் தடித்த பெல்ற் நுழைகிற காற்சட்டை பொம்பிளைகளுக்கு யாரும் தைப்பதில்லைப் போல. ஸ்ட்ரோம்மனில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வேலைக்காரர் உடுப்புக் கடையில் தச்சர் போடுகிற ஒன்றை வாங்கினேன். சுத்தியல் மாட்டுகிற வளையமும் அதில் இருந்தது.

வெறும் உறையை வீட்டுக்குக் கொண்டுவர யாரும் தடை சொல்லவில்லை. பழகட்டும் என்று சமைக்கிற நேரமெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் கறிக்குத் தாளிக்கும்போது கதவு மணி அடித்தது. கீழ் மாடியில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலைக்கு வந்தவள், கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தாள். என் இடுப்பைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனாள். "அய்யோ அக்கா, என்னக்கா இது? போலீஸ்ல சேந்துட்டீங்களா?" "இல்லைப் பிள்ளை, கறிவேப்பிலைக்குக் காவல்" என்றேன். அவளுக்கு ஒரு கொப்பு முழுதாகக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை, மேசையில் கழற்றி வைத்திருந்த உறையை மனுசன் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகாணியையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். "இது கழண்டு போகும்" என்று சொல்லி, தன் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து, அவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் கழலாமல் பிடிக்கிற நீலப் பசையில் ஒரு சொட்டு வைத்து இறுக்கினார். நான் வாயைத் திறக்கப்போனேன். "இது வெறும் கூடு" என்று முந்திக்கொண்டார். நானும் சரி என்று விட்டேன்.

வகுப்பு நன்றாகவே போனது. விரலை நீட்டி வைக்கிற பழக்கம் எனக்குள் அப்படி ஊறிப்போய், வேலையில் மருந்து தெளிக்கிற போத்தலைக்கூட ஆட்காட்டி விரலை நீட்டியபடிதான் பிடித்தேன். பிறகு தெளிக்க முடியாமல் முழித்தேன். திரும்ப உறையில் போடும்போது மெதுவாகப் போடவேண்டும், பார்த்துப் போடவேண்டும், வேகமாகப் போட்டவனுக்கு யாரும் புள்ளி தருவதில்லை என்று ஐயா சொல்லிக்கொண்டே இருப்பார். அதிலும் எனக்குக் குறை இல்லை. சட்டை நுனி உறைக்குள் மாட்டாமல் உள்ளே செருகிக்கொண்டுதான் நிற்பேன்.

தேர்வு நாளில் ஒரு சின்னப் போட்டி. நன்றாகவே உருவினேன், நன்றாகவே சுட்டேன். கடைசித் தட்டு 'டிங்' என்று விழுந்தது. ஐயா எனக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்றுகொண்டு, முடிந்துவிட்டால் குண்டை இறக்கி வெறுமையைக் காட்டச் சொன்னார். கட்டளைகள் இங்கேயும் ஆங்கிலத்தில்தான், நூறு தடவை கேட்டவை. நான் என்ன செய்தேன்? வயதுக்கு மூத்த மனிதர் பின்னால் நின்று ஒன்று கேட்கிறார். நான் முழு உடம்போடும் அவர் பக்கம் திரும்பி, துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி, "இந்தாருங்கோ, பாருங்கோ" என்பது போல நீட்டினேன்.

"நிறுத்து!"

அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்துத் இலக்குகளின் பக்கம் திருப்பியது. பின்னால் நின்றவர்கள் குனிந்த சத்தம் கேட்டது. என் விரல் நீட்டியபடிதான் இருந்தது. ஆனால் குழல் போகக்கூடாத இடமெல்லாம் போய் வந்துவிட்டது. என் தோழியின் வயிற்றைக் கடந்துதான் வந்தது. குண்டு இறக்கியிருக்கவில்லை.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துப்பாக்கியை வெறுமையாக்கி வாங்கி வைத்தார்கள். நான் காகிதத்துண்டு ஒட்டப் போனேன். பசை நாடாவோடு அழுதுகொண்டு நின்றேன், எது எதோடு ஒட்டியது என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் ஐயா வந்து பக்கத்தில் நின்றார். "இவ்வளவு நாளும் நீ அப்படிச் செய்ததில்லையே. ஏன் திரும்பினாய்?"

உண்மைதான். பயிற்சியில் என் தோழிதான் எனக்குப் பின்னால் நின்று கட்டளை சொல்வாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் திரும்பியதே இல்லை. அவளும் நானும் ஒரே வயது.

"நீங்கள் மூத்தவர். பின்னால நிண்டு கேக்கிறியள். முதுகைக் காட்டிக்கொண்டு எப்பிடிப் பதில் சொல்லுறது?" என்று, அவருக்கு விளங்கும் மொழியில், சொன்னேன்.

"என் சொந்தப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலிருந்து முகத்தை எடுக்காமல்தான் எனக்குப் பதில் சொல்கிறார்கள். நன்றி" என்றார். "ஆனால் கையில் துப்பாக்கி இருக்கும்போது எனக்கு மரியாதை செய்யாதே." மறுதேர்வு இலையுதிர்காலத்தில், வெளியே காட்டுக்குள் இருக்கிற தளத்தில் என்றார். அதிலும் திரும்பினால் அடுத்த வருடம்தான்.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. "பாத்தீரே, பாத்தீரே" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு அவரே, "நான் அண்டைக்கு வந்து பாப்பன். நீர் திரும்பாமல் நிண்டால், பிறகு அந்தச் சாமானைப் பற்றிக் கதைப்பம். திரும்பினால் இந்தக் கதை இத்தோட சரி" என்றார்.

ஆகவே, திரும்பாமல் நிற்கப் பழகவேண்டும். கேட்க இலேசாக இருக்கும். எங்களுடைய உடம்பில் அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பழகிப் பார்த்தால்தான் தெரியும். பெரியவர்கள் கூப்பிட்டால் எழும்பி, திரும்பி, முகத்தைப் பார்த்து 'ஓம்' சொல்லித்தான் வளர்ந்தோம். சின்னதில் முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னதற்கு எனக்குக் குட்டு விழுந்திருக்கிறது. அந்தக் குட்டெல்லாம் இப்போது எதிர்ப்பக்கம் வேலை செய்தது.

சமையலறையில் தொடங்கினேன். மனுசன் பின்னால் வந்து, "இஞ்சாரும், என்ரை திறப்பைக் கண்டனீரோ?" என்று சாவி தேடினால், பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஓம், மேசையில" என்றேன். முதல் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன, கண்கொண்டு பாக்கேலாத ஆளாப் போனனோ நான்?" "பழகிறனப்பா!" என்று தொட்டிக்குச் சொன்னேன். திறப்பை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் திறப்புத் தொலையாத நேரத்திலும் பின்னால் வந்து கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "அடுப்பு எரியுது!" என்று கத்தினார். துள்ளித் திரும்பிவிட்டேன், கரண்டியிலிருந்த பருப்பு அவருடைய சேர்ட் முழுக்க. "செத்தன்" என்று நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் விழுந்தார். அந்த மனிதர் விளையாட்டுக் காட்டி நான் பார்த்து எவ்வளவு காலம்! பருப்பைத் துடைத்துக்கொண்டே சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

கோயிலில்தான் மாட்டிக்கொண்டேன். கேக் துண்டு அக்கா பின்னால் இருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் மாதா சொரூபத்தைப் பார்த்தபடி, "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றிருக்கிறேன். அடுத்த கிழமையே கதை வந்துவிட்டது. எனக்குத் தலைக்கனமாம், துவக்குப் பிடித்ததும் ஆட்களை முகம் கொண்டு பார்க்கிறேன் இல்லையாம். போய் விளங்கப்படுத்தினேன். "அப்ப உங்களைச் சுடாமல் இருக்கத்தான் நான் திரும்பேல்லை அக்கா" என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தியதாகத் தெரியவில்லை.

மறுதேர்வு நாள் நல்ல வெயில். பேர்ச் மரங்கள் மஞ்சளாகி, தரை முழுக்க இலை. மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய தளம். மனுசன் வேலைக்குப் போடுகிற ஜக்கெற்றோடு, தேநீர்க் குடுவையும், பொரித்த ரோல்ஸ் இருந்த பெட்டியும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் அவருக்கும் கண்ணாடியும், பெரிய பச்சைக் காதுமூடியும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது. தேர்வுக்காக அல்ல, அவருக்காக. அவர் இவ்வளவு தூரம் வந்ததே எனக்குப் பெரிது. இதற்குமேல் தோற்றால் இனி வாயே திறக்கமாட்டார் என்று தெரியும்.

என் முறை வந்தது. ஏற்றித் தயாராகச் சொன்னார் ஐயா. ஏற்றி, உறையில் மெதுவாகப் போட்டு, கையைத் தொங்கவிட்டு நின்றேன். 'பீப்.' உருவினேன். காகிதம், காகிதம், தட்டியைச் சுற்றி இடப்பக்கம், இரும்பு. நடுவில் துப்பாக்கி நின்றுவிட்டது. விசையை அழுத்துகிறேன், ஒன்றுமில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது, வெளியே விழாமல் மேல் வாயில் சிக்கி நிற்கிறது.

அந்த நேரத்தில் என் கழுத்து தானாகப் பின்னால் இழுத்தது. ஐயா நிற்கிறாரே, என்ன செய்வது என்று ஒரு பார்வை பார்க்கலாமே என்று. வேலையில் இயந்திரம் நின்றால் பெரியவர் பக்கம்தானே திரும்புவோம். இழுத்த கழுத்தை அப்படியே முன்னால் பிடித்துவைத்தேன். குழலை மண்மேட்டுக்கு நேரே வைத்துக்கொண்டு, விரலை வெளியே எடுத்து, அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு இழுப்பு. கோது பறந்தது. மிச்சத்தைச் சுட்டேன். ஒரு தட்டை விட்டுவிட்டு, திரும்பச் சுட்டு விழுத்தினேன்.

முடிந்தால் இறக்கிக் காட்டச் சொன்ன குரல் பின்னால் வந்தது.

"ஓம்" என்றேன், மண்மேட்டைப் பார்த்து. தமிழில்தான் வந்தது. குண்டுக்கூட்டைக் கழற்றினேன், துப்பாக்கியின் வாயைத் திறந்து பிடித்தேன், திரும்பவில்லை. ஐயா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, சரி, உறையில் போடு என்றார். வெறுமைதான் என்று உறுதியாக மண்மேட்டுக்கு நேரே விசையை ஒருதரம் அழுத்தி, பார்த்து, மெதுவாகப் போட்டேன். தளம் பாதுகாப்பு என்று அவர் உரத்துச் சொன்ன பிறகுதான் திரும்பினேன். அந்த நரைத்தலை சிரித்துக்கொண்டு நின்றது. தோழி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். எனக்குச் சந்தோசத்தில் கண் மறைத்தது. தேறிவிட்டேன்!

அடுத்த கணம் கயிற்றுக்கு அப்பால் பார்த்தேன். மனுசன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பைன் மரங்களைப் பார்த்தபடி நின்றார். கையில் ரோல்ஸ் பெட்டி.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதற்காகவா காலையில் எழும்பி, ரயில் ஏறி, பஸ் மாறி வந்தார்? கிட்டப் போய் அவருடைய காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். "இவ்வளவு தூரம் வந்திட்டு மரத்தையே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்? நான் திரும்பினனானோ இல்லையோ எண்டு இப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் காதுமூடியை முழுக்கக் கழற்றிக் கழுத்தில் விட்டார்.

"ஊரில ஒருக்கா எங்களைக் கடற்கரையில வரிசையா நிப்பாட்டினவங்கள். கடலைப் பாத்து நில்லுங்கோ, திரும்பப்படாது எண்டு. பின்னால துவக்கு. கன நேரம் நிண்டனாங்கள். பிறகு போங்கோ எண்டு விட்டிட்டாங்கள். ஒண்டும் நடக்கேல்லை."

துவக்கு என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். இவ்வளவு வருடமும் அந்தக் கடற்கரையைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

"அதுக்குப் பிறகு துவக்கு வச்சிருக்கிற எவனுக்கும் நான் முதுகு காட்டினதில்லை. இஞ்சை பொலிஸ்காரன் வந்தாலும் சுவரோட சாஞ்சுதான் நிப்பன். இண்டைக்கு ஏலுமோ எண்டு பாப்பம் எண்டு நினைச்சன். அதுதான் நானாத் திரும்பி நிண்டனான்."

"பயமா இருக்கேல்லையோ?"

"முதல் வெடிக்கு இந்தப் பெட்டியை இறுக்கிப் பிடிச்சனான்." பெட்டியைத் திறந்து ஒரு ரோல்சை எடுத்து என்னிடம் நீட்டினார். "பிறகு, பின்னால நிக்கிறது நீர்தானே எண்டு நினைச்சன். சரி, சாப்பிடும். பெட்டகத்தை எடுப்பம், சுவரோட நான் பூட்டித்தாறன்."